நற்செயலை விளம்பரப் பிரிவிடம் ஒப்படைக்காதீர்கள்: ஒரு நாளிதழின் ஆசிரியருக்கும் நிர்வாகத்தாருக்கும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கும் நிர்வாகத்தாருக்கும்,

கடலூர், புதுச்சேரி பதிப்பில் சனிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்த நற்செய்திப் பக்கம் நிறுத்தப்படுகிறது என்றும், இனி உதவி, சேவை, நன்கொடை தொடர்பான செய்திகள் அனைத்தும் விளம்பரப் பிரிவின் வழியாக, கட்டணம் பெற்ற பிறகே வெளியாகும் என்றும் பகுதிநேரச் செய்தியாளர்களுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எனக்கும் வந்து சேர்ந்தது. அதன் முதற்பகுதியோடு நின்றிருந்தால் வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டிருப்பேன். தாளின் விலை ஏறும்போது பக்கங்கள் குறையும் என்பதும், குறைக்கும்போது மாவட்டப் பக்கங்களிலிருந்துதான் தொடங்குவார்கள் என்பதும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழகிய செய்தி. இரண்டாம் பகுதியை என்னால் ஏற்க இயலவில்லை. தனிப்பட எழுதிய கடிதத்துக்குப் பதில் வராத நிலையில் பொதுவில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடாமல் எழுதுவதற்குக் காரணம் அச்சம் அன்று. இந்தக் கேள்வி உங்கள் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று என்பதே காரணம்.

அந்தப் பக்கத்தில் என்ன வேலை நடந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் சுற்றறிக்கையில் அது 'மென்செய்தி' என்று ஒரே சொல்லில் முடிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கொலையோ கொள்ளையோ நடந்தால் செய்தி எங்களைத் தேடி வந்துவிடும். எஸ்.பி. அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் மாலைக்குள் முதல் தகவல் அறிக்கையின் சாரம் வரும், படம் வரும், பெயர், வயது, ஊர் எல்லாம் வரும். வாக்கியத்தைச் சீராக்கி அனுப்புவது மட்டும்தான் நிருபரின் பாக்கி வேலை. நல்லது செய்தவரைப் பற்றிய செய்தி அப்படி வராது. செய்தவர் பெரும்பாலும் சொல்ல மாட்டார். தாமாக முன்வந்து அறிக்கையும் படமும் கொடுத்து அனுப்புபவரிடம் வேறு ஏதோ தேவை இருக்கும்: உள்ளாட்சித் தேர்தல், புதிதாகத் திறந்த கடை, பள்ளிச் சேர்க்கை. ஆகவே தேடிப் போக வேண்டும். தேடிக் கண்டுபிடித்த பிறகு சரிபார்க்க வேண்டும்.

சரிபார்ப்பதற்கு நான் வைத்துக்கொண்ட முறை எளியது. உதவி செய்தவரிடம் முதலில் பேசுவதில்லை. உதவி பெற்றவரிடம், அதுவும் உதவி செய்தவர் அருகில் இல்லாத இடத்தில், முதலில் பேச வேண்டும். அவர் எழுதச் சம்மதிக்கவில்லை என்றால் அத்துடன் விட்டுவிட வேண்டும். சம்மதித்தால், இருவருக்கும் தொடர்பில்லாத மூன்றாமவர் ஒருவரையும், மருத்துவமனைப் பதிவேடு, காவல் நிலைய ரசீது, பள்ளி வருகைப் பதிவு போன்ற எழுத்துச் சான்று ஒன்றையும் பார்க்க வேண்டும். ஆட்டோவில் தவறவிட்ட நகைப்பையை ஓட்டுநர் திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு தகவல் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தின் பெயரோடு வாட்ஸ்அப்பில் சுற்றியபோது, அதே வாசகம் வேறொரு மாவட்டத்தின் பெயரோடும் சுற்றுவதைக் கண்டு காவல் நிலையத்தில் விசாரித்தேன். அப்படி ஒரு நிகழ்வே பதிவாகவில்லை. அதை நான் அனுப்பவில்லை. மற்றொரு பக்கத்தில் அது படத்துடன் வந்தது. பக்கத்துக்காக வந்தவற்றில் எழுதியதைவிட ஒதுக்கியதே அதிகம். இந்த உழைப்பைத்தான் கட்டணம் செலுத்துபவரின் சொல்லைக் கொண்டு ஈடுகட்டிவிடலாம் என்று சுற்றறிக்கை கருதுகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒருவரைப் பற்றி எழுதியதை நினைவூட்ட விரும்புகிறேன். அவர் கடைக்கு அருகில் வளைவு ஒன்று இருக்கிறது. அங்கே விழுந்தவர்களை, ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும்போதெல்லாம், தம் சரக்கு வண்டியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். எழுதப் போனபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "எழுதிடாதீங்கம்மா, கேஸுல சாட்சியா இழுத்துடுவாங்க" என்பதுதான். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாருடைய அச்சமும் அதுவே. விழுந்து கிடப்பவரைத் தொட்டால் ஸ்டேஷன், கோர்ட் என்று அலைய வேண்டும் என்பதற்காகவே பலரும் கடைக்குள் திரும்பிக்கொள்கிறார்கள். அந்த அச்சத்துக்குச் சட்டம் பதில் சொல்லியிருக்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றம் விபத்தில் உதவுவோரைக் காக்கும் வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலு அளித்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது என்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2020-இல் வந்த விதிகள் சொல்கின்றன. 2021-இல், உதவியவருக்கு அப்போது 5,000 ரூபாய் வெகுமதி என்று அறிவித்த மத்திய அரசுத் திட்டமும், அதே ஆண்டு டிசம்பரில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் தொடங்கப்பட்டன. இவை அனைத்தையும் அவருடைய கதையோடு சேர்த்து, அவர் விரும்பியபடி பெயரில்லாமல் எழுதினேன். பிறகு அந்த வழியாகப் போனபோது, சட்டப்பிரிவு அச்சாகியிருந்த பெட்டிச் செய்தியை வெட்டி எதிர்ப்புறத் தேநீர்க் கடையின் சுவரில் ஒட்டியிருந்தார்கள். "இது இருக்குதுல்ல, இனிமே நாங்களும் தூக்குவோம்" என்று அந்தக் கடைக்காரர் சொன்னார். அதே சாலையில் நடந்த விபத்துகளைப் பற்றி நான் எழுதிய செய்திகள் பல. அவற்றில் ஒன்றையும் யாரும் வெட்டி ஒட்டியதில்லை.

ஒருவர் செய்த நன்மையைச் சரியாக எழுதினால் அது மாநிலத்தின் வழக்கத்தையே மாற்றும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் கொடையாக அளித்தார்கள். சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி அவன் இதயம் சில நிமிடங்களில் மற்றொரு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அந்தச் செய்தியைத் தமிழ்ப் பத்திரிகைகள் நாள்கணக்கில் எழுதின. அழுகையோடு நிறுத்தாமல், மூளைச்சாவு என்றால் என்ன, யார் சம்மதிக்க வேண்டும், எப்படிக் கொடுப்பது என்பதையும் எழுதின. அதே ஆண்டில் அரசு வகுத்த உடலுறுப்புக் கொடைத் திட்டத்துக்கு மக்களிடம் வரவேற்பு கிடைத்ததில் அந்த எழுத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று உறுப்புக் கொடையில் நாட்டின் முன்னணி மாநிலங்களுள் ஒன்றாகத் தமிழ்நாடு இருக்கிறது. அந்தப் பெற்றோர் உங்கள் விளம்பரப் பிரிவில் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டுமா என்று கேட்பது கடுமையாகத் தோன்றலாம். சுற்றறிக்கையின் வாசகப்படி பதில் 'ஆம்' என்றே வருகிறது.

நற்செய்தி என்றால் அதிகாரத்தைப் புகழ்வது என்ற எண்ணம் செய்தி மேசையில் இருக்கிறது. அது தவறு என்பதை இந்த மாவட்டத்தின் வெள்ளங்களே எனக்குக் காட்டின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர், டிசம்பர் மாத வெள்ளம், 2020 நிவர் என்று எங்கள் கடற்கரைக்கு வந்தவை பல. கடைசியாக 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீரால் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரின் தாழ்வான ஊர்களுக்குள் நுழைந்தது. அப்போது ஃபைபர் படகுகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, மாடிகளில் சிக்கியிருந்த முதியவர்களையும் குழந்தைகளையும் இறக்கிய மீனவர்களோடு ஒரு பகல் முழுவதும் இருந்தேன். அதை எழுதும்போது டீசல் செலவு யாருடையது என்று கேட்டேன். அவர்களுடையதுதான். வேலியிலும் மதிலிலும் மோதிக் கிழிந்த படகின் பழுதுச் செலவும் அவர்களுடையதே. மீட்புக்குப் படகு கொடுத்தவருக்கு ஈட்டுத்தொகை தர முன்கூட்டியே ஏற்பாடு ஏன் இல்லை, எந்தத் தெருவுக்கு எந்தப் படகு என்று மழைக்காலத்துக்கு முன்பே ஏன் பட்டியலிடப்படவில்லை என்ற கேள்விகள் அந்தச் செய்தியில் இருந்தன. அவற்றை எழுப்பியது மீனவர்களின் பரிவுதான். 'கடலூரில் வெள்ளம்: மக்கள் அவதி' என்ற தலைப்பின் கீழ் அவை எழுந்திருக்காது. அவதியை எழுதுபவர் எதற்காக யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் நிற்கிறார். வேலை செய்த ஒரு வழியைக் கண்டு எழுதுபவருக்கு, அது ஏன் எல்லா இடத்திலும் இல்லை என்று கேட்கும் இடம் கிடைக்கிறது.

பிச்சாவரம் அலையாத்திக் காடு இதற்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. பழைய காலத்தில் காட்டை மொத்தமாக வெட்டியதால் நிலம் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, உப்பு மிகுந்து, செடி முளைக்காத இடங்கள் அங்கே உருவாகியிருந்தன. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அருகிலுள்ள ஊர் மக்களும், அவர்களுள் இருளர் குடும்பங்களும் சேர்ந்து, மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி கடலின் ஏற்ற இறக்க நீர் வந்து போக வழி செய்து அலையாத்திக் கன்றுகளை நட்டார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை அது. பிறகு ஆழிப்பேரலை வந்தபோது அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும் சேதத்திலிருந்து தப்பின. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான கட்டுரை, மரங்கள் இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை உலகுக்குக் காட்டியது. முழங்கால் சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டியவர்களை அந்தக் காலத்தில் எத்தனை பத்திரிகைகள் போய்ப் பார்த்தன? ஒரு மரத்தை யாரோ வெட்டியிருந்தால் மறுநாளே படம் வந்திருக்கும். வெட்டியதையும் எழுதத்தான் வேண்டும். நட்டவர்களை அலை வந்து அடித்த பிறகுதான் கண்டுகொள்வோம் என்பது செய்தித்தாள் செய்யக்கூடாத தாமதம்.

இனி, எனக்கு மிகுந்த வலியைத் தந்த பகுதிக்கு வருகிறேன். கட்டணம் பெற்று வெளியிடும் சேவைச் செய்தி எப்படி இருக்கும் என்பதை நாங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். கொடுப்பவர்கள் எட்டுப் பேர் வரிசையாக நிற்பார்கள். நடுவில் தலையைக் குனிந்தபடி வாங்குபவர் ஒருவர். அவர் கையில் ஒரு பை அரிசி, அந்தப் பையை எட்டுக் கைகளும் தொட்டுக்கொண்டிருக்கும். கொடுத்தவர்களின் பெயர்கள் பொறுப்புகளோடு அச்சாகும். வாங்கியவர் 'ஏழைப் பெண்' அல்லது 'பயனாளி'. புதுச்சேரியை ஒட்டிய ஓர் ஊரில், பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவருக்கு ஓர் அமைப்பு பள்ளிக் கட்டணம் கட்டியது. நல்ல செயல்தான். படமும், தந்தை இல்லாததும், தாய் செய்யும் வேலையும், தெருவின் பெயரும் உள்பட எல்லாம் கட்டணச் செய்தியாக வந்தது. அதன்பின் அந்தப் பெண் பள்ளிக்குப் போக மறுத்தாள். ஆசிரியை ஒருவர் கேட்டுக்கொண்டதால் நான் அவளைப் பார்க்கப் போனேன். "அக்கா, அந்தப் பேப்பர நெட்ல இருந்தாவது எடுக்க முடியுமா? எல்லாரும் ஃபோன்ல வச்சிருக்காங்க" என்று கேட்டாள். எடுக்கச் சொல்லி எழுதினேன். கட்டணம் செலுத்தியவரின் ஒப்புதல் வேண்டும் என்று பதில் வந்தது. படத்தில் இருந்தவளின் ஒப்புதலை யாரும் முன்பும் கேட்கவில்லை, பின்பும் கேட்கவில்லை.

நான் நடத்திய பக்கத்தில் வாங்குபவரின் முகம் வந்ததே இல்லை, அவரே விரும்பிக் கேட்டாலன்றி. கொடுத்தவருக்கு ஒரு வரியும், கொடுத்த முறைக்குப் பல வரிகளும் ஒதுக்கினோம். இப்படிச் செய்வதற்கு இந்த மண்ணில் மரபு இல்லாமலில்லை. நம் மாவட்டத்து வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. பந்தியில் உட்காருபவரிடம் சாதி என்ன, ஊர் என்ன, ஏன் பசி என்று அங்கே கேட்பதில்லை. அந்தச் சாலைக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவுக்குள் அச்சாகி விற்பனையாகும் ஒரு நாளிதழ், பசித்தவரின் முகத்தைக் கொடுத்தவரின் விளம்பரத்துக்குத் துணைப்படமாக விற்பதை நான் எப்படி ஏற்றுக்கொள்வேன்?

அறத்தை விட்டுவிட்டு விதியை மட்டும் பார்த்தாலும் இது நிற்காது. விளம்பரம் செய்தியிலிருந்து தெளிவாகப் பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறி. காசு வாங்கிக்கொண்டு செய்தி போடும் வழக்கத்தைப் பற்றி அதே மன்றம் 2010-இல் தனி அறிக்கையே வெளியிட்டது. நாங்கள் பார்த்த கட்டணச் செய்திகளில் 'விளம்பரம்' என்ற சொல் இருந்ததில்லை. அதே எழுத்துரு, அதே பத்தி அமைப்பு, சில வேளைகளில் ஊர் நிருபரின் பெயர்கூட இருந்தது. எழுதாத செய்தியின் தலையில் என் பெயரைப் பார்த்துவிட்டு, "நீங்களும் காசு வாங்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டவருக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

பக்கத்தை நிறுத்தியதற்கு இணையதளப் பார்வை குறைவு என்ற காரணத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் எண்களை நான் மறுக்கவில்லை. 2023-இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வெளியான ஆய்வு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்பு வடிவங்களைப் பார்த்து, தலைப்பில் ஓர் எதிர்மறைச் சொல் கூடினால் சொடுக்கும் விகிதம் சராசரி நீளத் தலைப்பில் 2.3 விழுக்காடு கூடுகிறது என்று கண்டது. 17 நாடுகளில் நடத்தி 2019-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வும், கெட்ட செய்திக்கு மனித உடலே சராசரியில் கூடுதலாகத் துலங்குகிறது என்று காட்டியது; ஆனால் ஆளுக்கு ஆள் அது பெரிதும் மாறுபடுகிறது என்பதையும், ஆகவே எல்லா வாசகரும் கெட்ட செய்தியையே விரும்புகிறார்கள் என்று கொள்ள இயலாது என்பதையும் சேர்த்தே சொன்னது. சொடுக்கியவரின் கணக்கு உங்களிடம் இருக்கிறது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் போனவரின் கணக்கு இருக்கிறதா? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனம் 46 நாடுகளில் எடுத்த 2022-ஆம் ஆண்டு ஆய்வில், செய்தியை அடிக்கடியோ சில வேளைகளிலோ வேண்டுமென்றே தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 38 விழுக்காடு. 2017-இல் அது 29. செய்தி தங்கள் மனநிலையைக் கெடுக்கிறது என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்களுள் ஒன்று. மஞ்சக்குப்பத்தில் நான் பேசிய நாளிதழ் முகவர் ஒருவர், பிள்ளைகள் படிக்கும் வீடுகளில்தான் சந்தாவை அதிகமாக நிறுத்துகிறார்கள் என்றார். காலையில் பிள்ளையின் கைக்குப் போகும் தாளில் முதல் பக்கத்திலேயே வெட்டுக் காயத்தின் படம் இருந்தால் எந்தத் தாய் அதைத் தொடர்ந்து வாங்குவார்?

பிரிட்டனில் நற்செய்திக்கென்றே 1993-இல் தொடங்கிய 'பாசிட்டிவ் நியூஸ்' இன்றும் வருகிறது. பெங்களூரில் 2008-இல் தொடங்கிய 'தி பெட்டர் இந்தியா'வுக்கு நாடெங்கும் வாசகர்கள் உண்டு. தீர்வுகளையும் அவற்றின் குறைகளையும் ஒருசேர விசாரித்து எழுதும் முறையைச் செய்தியாளர்களுக்குக் கற்பிக்க 2013-இல் அமெரிக்காவில் ஓர் அமைப்பே தோன்றியது. ஒரு வாரத்தில் ஒரு பக்கம் என்பது இவற்றோடு ஒப்பிட மிகச் சிறிய கோரிக்கை.

தற்கொலைச் செய்திகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நற்செய்திப் பக்கம் நின்ற அதே வாரத்தில் அந்த இடத்தை நிரப்பியது அப்படி ஒரு செய்தி. தேசியக் குற்றப் பதிவுகள் பணியகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் லட்சம் பேருக்கு நாட்டின் சராசரி 12.4, புதுச்சேரியில் 29.7. இத்தனை துயரம் சூழ்ந்த ஓர் ஊரில் முறையையும் இடத்தையும் விவரித்து, படத்தோடு, கடை வாசலில் தொங்கும் வால்போஸ்டரில் போட்டு விற்கிறோம். இவற்றையெல்லாம் தவிர்க்கும்படி இந்தியப் பத்திரிகை மன்றம் 2019 செப்டம்பரிலேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. வியன்னாவில் 1987-இல் பத்திரிகைகள் இத்தகைய செய்தியாக்கத்தைக் கைவிட்டபின் சுரங்க ரயிலில் நடந்த தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. ஆஸ்திரியப் பத்திரிகைகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வு, நெருக்கடியில் உயிரை விட நினைத்துப் பிறகு மீண்டு வந்தவர்களைப் பற்றிய செய்திகளுக்கும் தற்கொலைகள் குறைவதற்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டது. அப்படி மீண்டு வந்த ஒரு பெண்ணைப் பற்றி, அவர் விருப்பப்படி பெயரில்லாமல், கட்டணமில்லாமல் பேசக்கூடிய 14416 'டெலி மனஸ்' எண்ணோடு எழுதிக் கொடுத்திருந்தேன். அது பக்கத்தோடு சேர்ந்து நின்றுபோனது. எழுத ஒப்புக்கொண்ட அவருக்கு, "காசு கட்டினால் வரும்" என்று நான் சொல்ல வேண்டுமா?

எங்கள் நிலையையும் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். பகுதிநேரச் செய்தியாளருக்கு அச்சான அளவைக் கணக்கிட்டே ஊதியம். நாள்கணக்கில் அலைந்து சரிபார்த்த நற்செய்திக்கும், குழுவில் வந்த குற்றச்செய்தியை ஐந்து நிமிடத்தில் திருத்தி அனுப்பியதற்கும் ஒரே கணக்கு. தீபாவளி, பொங்கல் மலர்களுக்கு விளம்பரம் பிடித்துத் தரும் இலக்கு ஏற்கெனவே எங்கள் தலையில் இருக்கிறது. இனிச் சேவைச் செய்தியும் விளம்பரக் கணக்கில் சேருமானால், அதற்கும் ஓர் இலக்கு வரும். யாரைப் பற்றி எழுதலாம் என்று தேடிய நிருபர், யாரிடம் வசூலிக்கலாம் என்று தேடத் தொடங்குவார். பஞ்சர் கடைக்காரரும், படகுக்காரரும், ஆற்றங்கரையில் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும் ஓய்வுபெற்ற தபால்காரரும் அந்தத் தேடலில் அகப்பட மாட்டார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை:

சேவைச் செய்திகளைக் கட்டணத்துக்கு உட்படுத்தும் சுற்றறிக்கையின் இரண்டாம் பகுதியை உடனே திரும்பப் பெறுங்கள். பக்கத்தை முழுதாகத் தர இயலாவிட்டால் அரைப் பக்கம் தாருங்கள். அதுவும் இயலாவிட்டால், சரிபார்க்கப்பட்ட நற்செய்தி மற்றச் செய்திகளோடு அதன் தகுதிக்கேற்ற இடத்தில், முதல் பக்கம் உட்பட, வரலாம் என்று செய்தி மேசைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பக்கம் முக்கியமன்று, அது ஆசிரியர் பிரிவின் பொறுப்பில் இருப்பதே முக்கியம்.

கட்டணம் பெற்று வெளியிடுபவற்றின் மேல் 'விளம்பரம்' என்று படிக்கக்கூடிய அளவில் அச்சிடுங்கள். அவற்றில் நிருபர்களின் பெயரைச் சேர்க்காதீர்கள்.

உதவி பெறுபவரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் அவர் படமோ, அவரை அடையாளம் காட்டும் விவரமோ, விளம்பரத்திலும் செய்தியிலும் இனி வரக்கூடாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் எந்த ஒப்புதல் இருந்தாலும் வரக்கூடாது. ஏற்கெனவே இணையத்தில் இருக்கும் அத்தகைய படங்களை, படத்தில் இருப்பவர் கேட்டாலே ஒரு வாரத்துக்குள் நீக்குங்கள். முதலாவதாக அந்தப் பதினொன்றாம் வகுப்பு மாணவியின் படத்தை நீக்குங்கள். விவரத்தைத் தனிக்கடிதத்தில் இருமுறை அனுப்பியிருக்கிறேன்.

தற்கொலைச் செய்திகள் பற்றிய 2019-ஆம் ஆண்டு நெறிமுறையைச் செய்தி மேசையிலும் வால்போஸ்டர் எழுதுபவரிடமும் அச்சிட்டுக் கொடுங்கள். தற்கொலை பற்றிய ஒவ்வொரு செய்தியின் கீழும் உதவி எண்ணை அச்சிடுங்கள். மீண்டு வந்த அந்தப் பெண்ணைப் பற்றிய செய்தியை, அவர் ஒப்புதல் இன்னும் நீடிப்பதால், வெளியிடுங்கள்.

விசாரித்துச் சரிபார்க்கும் செய்திகளுக்கு அச்சான அளவைக் கணக்கிடாமல் பயணச் செலவும் தனி ஊதியமும் வகுக்கவும், செய்தியாளர்களை விளம்பர இலக்கிலிருந்து விடுவிக்கவும், எங்களுள் இருவரையாவது சேர்த்துக்கொண்டு ஒரு குழு அமையுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குக் காரணம் என்ன என்பதை வருகிற மழைக்காலம் தொடங்கும் முன்பாக, எனக்குத் தனியாக அனுப்பாமல், வாசகர்கள் படிக்கும்படி கடலூர், புதுச்சேரி பதிப்பிலேயே வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் பகுதிநேரச் செய்தியாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.